காரை நிலமும் காண்பார் கடமையும்

காண்பது வேறு; கண்டு உணர்வது வேறு. கண்ணுடையார் எவரும் காண்பர். கருத்துடையாரே கண்டதன் அருமையை உணர்வர். திருவிழாவில் தேரைக் காண்போர் பல்லாயிரவர். அத்தேரின் அச்சையும் ஆழியையும், அதில் அமைந்த சிற்பத்தையும், அதனைச் செதுக்கிய தச்சனின் உழைப்பையும் எண்ணிக் காண்போர் மிகச் சிலர். ஊர்களையும் மலைகளையும் ஆறுகளையும் காணச் செல்வோரிடத்தும் இவ்வேறுபாடு உண்டு. ஒருவர் ஓர் இடத்திற்குச் சென்று திரும்பினார் என்பதனாலேயே அவ்விடத்தைக் கண்டவர் ஆகிவிடார். அவ்விடம் எவ்வாறு உண்டாயிற்று, அதன் பழமை எத்தகையது, அங்கே தாம் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்று அறிந்தவரே அதனை உண்மையாகக் கண்டவர் ஆவர். இவ்வுண்மையை விளக்கும் சான்று ஒன்று திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலேயே உள்ளது.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கு நோக்குவார் கண்ணுக்கு ஓர் அரிய காட்சி விருந்தாகும். அடியில் நெருக்கமான கடைத்தெருக்கள். அவற்றை அடுத்துக் காவிரி. காவிரிக்கு அப்பால் தென்னையும் வாழையும் செறிந்த திருவரங்கத் தீவு. அதன் நடுவே மதிலுக்குள் மதிலாக ஏழு சுற்று அமைந்த பெருங்கோயில். கோயிலின் தெற்கு வாயிலில், 1987-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற 236 அடி உயர இராசகோபுரம். சற்றுக் கிழக்கே திருவானைக்கா. இவற்றுக்கு அப்பால் கொள்ளிடத்தின் அகன்ற மணற்பரப்பு. இக்காட்சியை விரும்பியவர் இன்றைய மக்கள் மட்டும் அல்லர். இம்மலையில் ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலின் கல்வெட்டு ஓர் இனிய செய்தியைக் கூறுகின்றது. நிலத்தில் உள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழர் வளநாட்டையும் காவிரியையும் எங்ஙனம் காண்பது என்று சிவபெருமான் கேட்டான் என்றும், அதனாலேயே மன்னன் இம்மலைமீது அவனுக்கு இடம் அமைத்தான் என்றும் அதன் கருத்து அமைந்துள்ளது. நிலத்தைக் கண்டு மகிழும் ஆவலை இறைவனுக்கே உரியதாக்கிப் பாடினான் அப்பழங்காலப் புலவன். காட்சி இன்பத்தை நம் முன்னோர் எவ்வளவு உயர்வாக மதித்தனர் என்பதற்கு இஃது ஒரு சான்று.

ஆயினும் அங்கு நிற்போர் கண் பசுமை உள்ள அளவில் நின்றுவிடுகின்றது. கொள்ளிடத்துக்கு அப்பால் வடகிழக்கே, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் காரை என்னும் சிற்றூர் உள்ளது. சென்னைக்குச் செல்லும் பெருவழியில் பாடாலூர் வரை சென்று, கிழக்கே பிரிந்து, ஊட்டத்தூர்ப் பக்கமாகப் போனால் அவ்வூரை அடையலாம். 1995-ஆம் ஆண்டு வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்த அப்பகுதி இப்பொழுது பெரம்பலூர் மாவட்டத்தைச் சார்ந்தது. காரைக்கும் குளக்காநத்தத்திற்கும் இடையே கிடக்கும் நிலம், வயலும் தோப்பும் பார்த்துப் பழகிய கண்ணைத் திடுக்கிட வைக்கும்.

அங்கே மரம் இல்லை; நிழல் இல்லை. மண்ணே மேடும் பள்ளமுமாய், அலை எழுந்து உறைந்த கடல் போலக் கிடக்கின்றது. மழைநீர் அறுத்த ஓடைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சில ஓடைகள் ஒருவர் பின் ஒருவராகவே நடக்கத்தக்க அளவு குறுகியவை. சில, நடப்பவரைத் தம் சுவர்களுக்குள் முழுதும் மறைக்கும் அளவு ஆழமானவை. ஓடைச் சுவர்களில் பழுப்பும் மஞ்சளும் துருச் சிவப்புமாக நிறங்கள் மாறி மாறித் தோன்றுகின்றன. அவற்றினிடையே வெள்ளிய ஜிப்சக் கீற்றுகள் வெயிலில் மின்னுகின்றன. மலையிலுள்ள பாறைப் பிளவை நம் முன்னோர் விடர் என்று வழங்கினர். காரையில் உள்ளவை மண் விடர்கள் எனலாம்.

இந்நிலம் எவ்வாறு உண்டாயிற்று? ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், இன்று காரை உள்ள இடத்தில் கடல் இருந்தது. அக்கடலின் அடியில் நுண்ணிய களிமண் சிறிது சிறிதாகப் படிந்தது. கடல் வாழ் உயிர்கள் இறந்தபொழுது அவற்றின் ஓடுகளும் அக்களிமண்ணில் புதைந்தன. ஒரு படிவின் மேல் மற்றொரு படிவாகக் காலம் அடுக்கிவைத்தது. பின்னர்க் கடல் விலகியது, நிலம் வெளிப்பட்டது. வெளிப்பட்ட களிமண்ணில் வேரூன்றிக் காக்கும் மரமும் புல்லும் குறைவாக இருந்தமையால், பெய்த மழை ஒவ்வொன்றும் அதனை அறுத்தது. இவ்வாறு கடல் எழுதிய ஏட்டை மழை பிரித்து வைத்தது.

அந்த ஏட்டில் எழுத்தாக நிற்பவை உயிர் எச்சங்கள். அம்மோனைட்டு என்னும் உயிரின் சுருண்ட ஓடுகள் அங்கே கிடைக்கின்றன. இன்றைய கணவாய் மீனுக்கு உறவான பெலெம்னைட்டு என்னும் உயிரின் உடலுள் இருந்த கெட்டியான பகுதி, துப்பாக்கிக் குண்டு போன்ற வடிவத்தில் கல்லாகிக் கிடக்கின்றது. இவ்விரண்டு இனமும் இன்று உலகில் எங்கும் உயிரோடு இல்லை. காரைக்குத் தொலைவில் இல்லாத சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கின்றது. நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ஆம் ஆண்டில் அதனைக் கண்டறிந்தார். பழங்காலத்தில் கரையில் வளர்ந்து, நீரில் அடித்துச் செல்லப்பட்டுக் கடற்சேற்றில் புதைந்த மரம் அது. கடல் இருந்ததற்கு ஓடுகள் சான்று. கரை இருந்ததற்கு மரம் சான்று.

இச்சிற்றூர்களின் பெயர் உலகத்து அறிஞர்க்குப் புதியது அன்று. 1860-களில் இந்திய நிலவியல் அளவைத்துறையைச் சார்ந்த பிளான்போர்டு என்பவர் இப்பகுதிப் படிவுகளை ஆராய்ந்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்துப் பெயரிட்டார். அவரை அடுத்து ஸ்டோலிக்ஸ்கா என்னும் ஐரோப்பிய அறிஞர் இங்குக் கிடைத்த உயிர் எச்சங்களைப் பற்றிப் பெருநூல் தொகுதிகள் எழுதினார். 1874-இல் இமயத்துக்கு அப்பால் ஆராய்ச்சிப் பயணம் முடித்துத் திரும்புகையில் உயிர் நீத்தார். அவர்தம் உழைப்பால் ஊட்டத்தூரின் பெயர் ஐரோப்பிய நூல் நிலையங்களில் ஏறிற்று. ஆனால் அப்பெயரின் பெருமையைத் திருச்சிராப்பள்ளியில் வாழும் மாணவர் பலர் அறியார். கடல் கடந்தவர் தேடி வந்த பொருளைக் காவிரிக்கரையில் வாழ்வோர் அறியாதிருத்தல் வருந்தத்தக்கது அன்றோ?

திருவரங்கத்தார்க்கு இந்நிலத்தோடு மற்றோர் உறவும் உண்டு. அங்குள்ள வைணவர் இல்லங்கள் பலவற்றில் சாளக்கிராமம் வைத்து வழிபடுகின்றனர். நேபாள நாட்டுக் கண்டகி ஆற்றிலிருந்து வரும் கருநிறக் கல் அது. அதனுள் காணப்படும் சக்கர வடிவம் அம்மோனைட்டின் சுருளேயாகும் என்று நிலவியலார் கூறுவர். இமயம் எழுவதற்கு முன் அங்கிருந்த கடலில் வாழ்ந்த உயிரின் சுவடு அது. வழிபடுவோர் அதனைத் திருமாலின் சக்கரமாகக் காண்கின்றனர்; நிலவியலார் பழங்கடலின் சான்றாகக் காண்கின்றனர். இருவரும் அக்கல்லைப் போற்றியே கையாளுகின்றனர். வீட்டில் பட்டு விரித்து வைக்கும் வடிவத்தின் இனம் காரையில் காலடியில் கிடக்கின்றது. அதனை மிதித்துச் செல்வோர், தாம் மிதிப்பது யாது என்று அறியாமையினாலேயே மிதிக்கின்றனர்.

தொலைநாட்டு அழகை இங்கு ஒப்பு நோக்குதல் பயன் தரும். அமெரிக்க நாட்டு அரிசோனா மாநிலத்தில், பேஜ் என்னும் ஊரின் அருகே, நவாஹோ மக்களின் நிலத்தில் ஆண்டிலோப் கேன்யன் என்னும் விடர் உள்ளது. உலகெங்கும் படத்தால் புகழ்பெற்ற இடம் அது. பதினெட்டுக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்க் காற்றால் குவிந்த பாலைவன மணல் மேடுகள் இறுகி மணற்பாறை ஆயின. அப்பாறையில் உண்டான இடுக்குகளின் வழியே மழை வெள்ளம் மணலை வாரிக்கொண்டு பாய்ந்தது. அம்மணலே உளியாகிப் பாறையை அறுத்தது. அதனால் பட்டுச் சேலையின் மடிப்புப் போல வளைந்து வளைந்து செல்லும் சுவர்கள் அமைந்தன. நண்பகலில் மேலிருக்கும் குறுகிய திறப்பின் வழியே கதிரொளி தூண் போல இறங்கும். செந்நிறச் சுவர்கள் அவ்வொளியை ஒன்றுக்கொன்று கைமாற்றிக் கீழே அனுப்பும். மேலே பொன்னிறமும் நடுவே செந்நிறமும் அடியில் நீலங்கலந்த இருளுமாக அங்கு நிறம் மாறும்.

காரையின் விடர்கள் அத்துணை ஆழமும் மென்மையும் உடையன அல்ல என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அது மணற்பாறை, இது களிமண். அது நூற்றாண்டுகள் தாங்கும். இது ஒரு பெருமழையில் உருமாறும். ஆயினும் இரண்டையும் செதுக்கிய சிற்பி ஒருவனே. நீர் என்பது அவன் பெயர். தன் ஊரின் பொருளைத் தகுதிக்கு மேல் புகழ்வது அறியாமை. தகுதியளவும் புகழாது விடுவதும் அறியாமையே. காரைக்கு உரிய தனிச் சிறப்பு அதன் உயரத்தில் இல்லை. அதன் உள்ளடக்கத்தில் உள்ளது. அரிசோனாவின் பாறை காற்று குவித்த மணலின் கதையைக் கூறும். காரையின் மண்ணோ ஒரு கடலின் கதையை, அதில் வாழ்ந்த உயிர்களின் உடலையே காட்டிக் கூறும்.

இனி, இந்நிலத்தைப் பற்றிச் சிலர் கூறும் கூற்றுகளை ஆராய்தல் வேண்டும்.

“அது பயிர் விளையாப் பொட்டல், அதில் காண்பதற்கு என்ன உள்ளது?” என்பது முதற் கூற்று. விளைவது ஒன்றே நிலத்தின் பயன் என்று எண்ணுவோர் தமிழ் மரபை அறியாதார். மலையும் காடும் வயலும் கடற்கரையும் பாடிய நம் புலவர் வறண்ட பாலையை ஒதுக்கிவிடவில்லை. அதனையும் ஐந்திணையுள் ஒன்றாக வைத்தனர். அகநானூற்றில் உள்ள 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலைத் திணைக்கு உரியன. நூலின் சரிபாதி வறண்ட நிலத்திற்கே வழங்கப்பட்டது. வெயிலும் வெறுமையும் பிரிவும் நிறைந்த அந்நிலத்தில்தான் மனித உள்ளத்தின் ஆழம் நன்கு தெரியும் என்று அவர்கள் கண்டனர் போலும். பசுமையை மட்டும் போற்றும் கண் பாதிக் கண்ணே ஆகும்.

“காணச் சென்றவர் நினைவுக்காக ஒரு கல்லை எடுத்து வந்தால் என்ன குறைந்துவிடும்?” என்பது இரண்டாம் கூற்று. கேட்பதற்கு எளிய இக்கூற்றே பெருந்தீங்கு விளைப்பது. ஒருவர் எடுப்பது ஒன்றாயினும் நாள்தோறும் பலர் எடுப்பின் எஞ்சுவது யாது? மேலும், ஓர் உயிர் எச்சத்தின் பொருள் அதன் வடிவத்தில் மட்டும் இல்லை. அது கிடந்த இடத்திலும் உள்ளது. எந்தப் படிவில், எவற்றோடு சேர்ந்து, எந்நிலையில் கிடந்தது என்பதைக் கொண்டே அறிஞர் அதன் காலத்தையும் வாழ்வையும் உணர்வர். பழஞ்சுவடியிலிருந்து ஓர் ஓலையை உருவி எடுத்துச் சென்றால், எடுத்தவர் கையில் உள்ளதும் பொருளற்றதாகும். விட்டுச் சென்ற சுவடியும் குறைபட்டதாகும். ஓலைகள் இடையே காணாமற் போனமையால் தமிழர் இழந்த நூல்கள் பல. அவ்விழப்பை எண்ணி வருந்தும் நாம், கண் முன்னே ஓர் ஏடு கிழிபடுவதைப் பார்த்திருத்தல் முறையாகுமா? வீட்டுக்கு வந்த கல் சில நாள் மேசைமேல் இருக்கும். பின்னர் மாடத்தில் இருக்கும். பின்னர்க் குப்பையோடு சேரும். பத்துக் கோடி ஆண்டு காத்த மண்ணைவிடப் பத்து நாள் காவாத மாடம் சிறந்தது ஆகாது.

இதற்கு மறுமொழியாகக் கூர்மையான மாணவன் ஒருவன் இங்ஙனம் வினவக்கூடும்: “ஆண்டுதோறும் மழையே இம்மண்ணை அறுத்துச் செல்கின்றது. மழை அழிப்பதை நான் எடுத்துக்கொள்வதில் என்ன பிழை?” வினா நியாயமானது. மழை அழிப்பது உண்மையே. ஆனால் மழை ஒன்றை அழிக்கும்பொழுதே மற்றொன்றை வெளிப்படுத்துகின்றது. மேலேட்டைக் கரைத்து அடுத்த ஏட்டைத் திறக்கின்றது. மனிதனோ எடுப்பது மட்டும் செய்கின்றான். திறந்து வைப்பது ஒன்றும் இல்லை. ஆதலால் அரிய எச்சம் ஒன்றைக் கண்ட மாணவன் செய்யத்தக்கது இதுவே: அதனை அங்கேயே விட்டு, இடத்தைக் குறித்து, படம் எடுத்து, தன் ஆசிரியர்க்கோ நிலவியல் பயில்வோர்க்கோ தெரிவித்தல் வேண்டும். அரியலூருக்கு அருகே வாரணவாசியில் இத்தகைய எச்சங்களுக்கென அருங்காட்சியகம் அமைந்துள்ளது. ஒரு வீட்டு மாடத்தில் ஒருவர் காண்பதைக் காட்டிலும் அத்தகைய இடத்தில் ஊரார் அனைவரும் காண்பது மேலானது அன்றோ? எடுத்தவன் பெயரை உலகம் அறியாது. அறிவித்தவன் பணியை அறிஞர் உலகம் போற்றும்.

மூன்றாவதாக ஒரு வழக்கம். காணச் சென்ற இடத்தில் தம் பெயரைக் கீறிவிட்டு வருதல் அது. காரையின் மண் சுவரிலும், தொல்லோவியம் உள்ள குகைகளிலும், கோயில் தூண்களிலும் இத்தீங்கு நேராத இடம் அரிது. கண்டித்தால் சிலர், “மகேந்திரவர்மன் மலையில் தன் பெயரை வெட்டுவிக்கவில்லையா?” என்று வாதிடுவர். மன்னனுக்கு ஒரு முறை, மக்களுக்கு ஒரு முறையா என்பது அவர்தம் கேள்வி. மன்னன் வெட்டுவித்தது தான் ஆக்கிய கோயிலில். பெயர் கீறுவோர் கீறுவது தாம் ஆக்காத பொருளில். மன்னன் எழுத்து ஒரு செயலை உலகுக்கு அறிவிக்கின்றது. இவர்கள் எழுத்து, தாம் ஒரு நாள் அவ்வழி வந்தோம் என்பதைத் தவிர வேறொன்றையும் அறிவிப்பதில்லை. பதின்மூன்று நூற்றாண்டுக்குப் பின்னும் அக்கல்வெட்டைப் படிப்போர் பயன் பெறுகின்றனர். நேற்றுக் கீறிய பெயரைப் படிப்போர் முகம் சுளிக்கின்றனர். பெயர் நிலைக்கவேண்டும் என்னும் ஆசை தவறன்று. அதற்குரிய செயல் இல்லாமல் பெயரை மட்டும் நிறுத்த முயல்வதே தவறு.

இவ்விடத்தில் நடுவுநிலை பிறழாமல் மற்றொன்றும் கூறவேண்டும். காரைப் பகுதியின் ஜிப்சமும், கல்லக்குடிப் பகுதியில் பழங்கடலின் பவளத் திட்டாக இருந்த சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டுத் தொழிலுக்கு வேண்டியவை. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுச் சிமெண்டு செய்வர். அது விரைவில் இறுகிவிடாதிருக்க ஜிப்சம் சேர்ப்பர். பள்ளிக் கட்டடமும் பாலமும் மருத்துவமனையும் அதனால் எழுகின்றன. பல குடும்பங்கள் அத்தொழிலால் வாழ்கின்றன. ஆகவே எவரும் எங்கும் தோண்டலாகாது என்று கூறுதல் பொருந்தாது. ஆனால் எங்கும் தோண்டலாம் என்பதும் பொருந்தாது. ஊரில் உழுவதற்கு நிலம் இருப்பினும் ஊர்ப் பொது மன்றத்தை எவரும் உழுவதில்லை. அதுபோல, அறிவுக்கும் அழகுக்கும் உரிய சில இடங்களை எல்லை வகுத்துக் காத்தல் வேண்டும். சாத்தனூர்க் கல்மரத்தைச் சுற்றி வேலி அமைத்துக் காப்பது போன்ற காப்பு காரையின் சிறந்த ஓடைகளுக்கும் வேண்டும். ஒரு மரத்துக்குக் காட்டிய அன்பை ஒரு கடலுக்கும் காட்டுதல் மிகையாகாது.

காணச் செல்வோர் காக்கவேண்டிய பொருள்களுள் தம் உயிரும் ஒன்று. விடரைச் செதுக்கிய நீர் எப்பொழுதும் அங்கே தோன்றுவதில்லை. ஆனால் வரும்பொழுது சொல்லிக்கொண்டு வருவதும் இல்லை. மேற்கூறிய ஆண்டிலோப் விடரின் கீழ்ப்பகுதியில் 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ஆம் நாள் பதினொரு பயணிகள் வெள்ளத்தில் மாண்டனர். அவர்கள் நின்ற இடத்தில் பெருமழை இல்லை. தொலைவில் பெய்த மழைநீர் திரண்டு, குறுகிய இடுக்கின் வழியே ஒரு நொடியில் பாய்ந்து வந்தது. இன்று அங்கு வழிகாட்டியோடு அன்றி எவரும் இறங்க இயலாது. நீரின் ஆற்றல் திருவரங்கத்தார்க்கும் புதியது அன்று. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முக்கொம்பில், 1830-களில் கட்டப்பெற்ற கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகளை ஆற்று வெள்ளம் ஓர் இரவில் பெயர்த்துச் சென்றதை அவர்கள் கண்டனர். கல்லும் இரும்பும் தாங்காத இடத்தில் களிமண் தாங்குமா? வானம் கறுத்த நாளிலும் மழை பெய்து மண் நனைந்திருக்கும் நாளிலும் காரையின் ஓடைகளில் இறங்குதல் கூடாது. நனைந்த களிமண் காலை வழுக்கும். கரையோரம் சரிந்து விழும்.

ஆகவே அந்நிலத்தைக் காண்பதற்கு உரிய முறை சில உள. மழைக்காலம் கழிந்து மண் உலர்ந்த பனிக்காலமே ஏற்ற காலம். காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்ந்து விழுவதால் ஓடைகளின் ஒளியும் நிழலும் நன்கு தோன்றும், நண்பகல் வெயில் நிழலையும் நிறத்தையும் விழுங்கிவிடும், உடலையும் வருத்தும். குடிநீரைக் கையோடு கொண்டு செல்லுதல் வேண்டும். கொண்டு சென்ற புட்டியையும் தாளையும் திரும்பக் கொண்டு வருதல் வேண்டும். மேட்டின் விளிம்புகளில் ஏறி மிதித்தலும், வண்டிகளை ஏற்றி ஓட்டுதலும் ஆகா. பல மழைகள் செதுக்கிய விளிம்பு ஒரு சக்கரத்தில் சிதையும். நிலவியல் கற்ற ஒருவர் உடன் வந்தால் பயன் பன்மடங்காகும். அவ்வூர் மக்களிடம் பணிவாக வழி கேட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டு நடத்தல் நன்று. நிலத்தின் குணத்தை, அதில் ஆடு மேய்த்தும் ஏர் ஓட்டியும் வாழ்வோர் போல் அறிந்தவர் வேறு யாவர்?

எல்லாவற்றிற்கும் மேலாகச் சிறிது நேரம் வாய் பேசாது நிற்றல் வேண்டும். இன்று பலர் ஓரிடத்தை அடைந்தவுடன் அதற்கு முதுகு காட்டி நின்று தம் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். படத்தில் அவர்கள் உள்ளனர். அவர்கள் உள்ளத்தில் அவ்விடம் இல்லை. கோயிலில் இறைவன் திருமுன் சென்று புறங்காட்டி நிற்பார் உண்டோ? ஓடையின் நடுவே அமைதியாக நின்று, இருமருங்கும் உயர்ந்த மண்ணைப் பார்த்து, ‘என் தலைக்கு மேல் ஒரு காலத்தில் கடல் இருந்தது, இச்சுவரின் ஒவ்வொரு விரற்கடையும் பல தலைமுறைகளின் காலம்’ என்று எண்ணுபவன் உள்ளத்தில் ஒரு பணிவு பிறக்கும். அரசுகள் தோன்றி மறைந்த காலமெல்லாம் அச்சுவரின் மேல் ஒரு மெல்லிய தூசிக்கும் ஈடாகாது. அத்தகைய பணிவைக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் அந்நிலம்.

அறிதல், வியத்தல், காத்தல் என்னும் மூன்றும் சேர்ந்ததே உண்மையான காட்சி. அறியாமல் வியப்பது குழந்தையின் இயல்பு. அறிந்தும் வியவாதிருப்பது மரத்த உள்ளத்தின் இயல்பு. அறிந்து வியந்தும் காவாதிருப்பது நன்றி மறந்தார் இயல்பு. பெரும்பொருள் செலவிட்டுத் தொலைநாட்டு விடர்களைக் காணும் வாய்ப்பு எல்லார்க்கும் வாய்ப்பது இல்லை. காரைக்குச் சென்று மாலைக்குள் வீடு திரும்பும் வாய்ப்பு திருச்சிராப்பள்ளி மாணவர் பலர்க்கும் உண்டு. அங்கிருந்து அவர்கள் கொண்டுவரத்தக்கது ஒரு கல்லன்று, ஒரு தெளிவு. அத்தெளிவோடு மீண்டும் மலைக்கோட்டையின் உச்சியில் நிற்பார்க்குக் காட்சி காவிரியோடும் கொள்ளிடத்தோடும் முடிந்துவிடாது. அவற்றின் பசுமைக்கு அப்பால், கண்ணுக்கு எட்டாத தொலைவில், மழையொன்று மெல்லத் திருப்பிக்கொண்டிருக்கும் பழைய ஏடு ஒன்று கிடப்பதை அவர்கள் உள்ளம் காணும். அவ்வேட்டைத் தமக்குப் பின் வரும் மாணவரும் படிக்கவேண்டும் என்று எண்ணி, ஓர் ஓலையும் குறையாமல் விட்டு வந்தவரே காரையைக் கண்டவர் ஆவர்.